மழைநீரில் கழுவியும் கண்ணாடியில் திட்டு ஏன்?

கேள்வி: ஜன்னல் கண்ணாடி சுத்தம் செய்யும் தொழிலுக்குக் கூரை மழைநீரைப் பிடித்து வைத்திருக்கிறேன். அப்படியே அடித்தால், காய்ந்தபின் வெள்ளைத் திட்டு விழுகிறதே?

பதில்: நீர் காய்ந்தபின் தங்கும் உப்புதான் அந்தத் திட்டு. வானத்திலிருந்து வரும்போது மழைநீரில் உப்பு மிகக் குறைவு. கூரைத் தூசி, பறவை எச்சம், முக்கியமாக சிமென்ட் தளத்தின் சுண்ணாம்புதான் அதைக் கெடுக்கின்றன. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. பெய்தால் சுமார் 800 லிட்டர் தேறும். அதற்கு முன் வரும் முதல் 100 லிட்டரை வெளியே விட்டுவிடுங்கள். தொட்டிக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசிதான். உறிஞ்சுகுழாய் அடிவண்டலுக்கு ஒரு சாண் மேலே நிற்கட்டும். பிறகு 5 மைக்ரான் வடிகட்டி, கரி வடிகட்டி, கடைசியாக, கரைந்த உப்பை நீக்கும் டிஐ ரெசின். துடைக்காமல் காயவிடுவதானால், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 10-ஐத் தாண்டினால் ரெசினை மாற்றுங்கள். ரப்பர் வைப்பரால் வழித்தெடுப்பவருக்கு ரெசின் வீண்செலவு, வடிகட்டினாலே போதும்.