ஒரே வாய், இரண்டு சத்தியம்

கேள்வி: கணவர் இறந்தபின் பூர்வீக வீட்டுக்குப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறேன். சாமான்களைக் கணக்கெடுக்க கோர்ட் ஒரு கமிஷனரை நியமிக்க வேண்டும் என்று நான் மனுப் போட்டபோது, 'பர்மா தேக்குப் பீரோ இரண்டும் வெங்கல அண்டா ஆறும் இரண்டாங்கட்டு அறையில் என் பொறுப்பில் பத்திரமாக இருக்கின்றன' என்று கொழுந்தனார் பிரமாணப் பத்திரம் போட்டார். கமிஷனர் மனு தள்ளுபடி. இப்போது கூண்டில் ஏறி, 'அதையெல்லாம் அண்ணனே விற்றுவிட்டார்' என்கிறார். எது பொய் என்று நான் நிரூபிக்க வேண்டுமா? போலீசுக்குப் போகலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: எது பொய் என்று நிரூபிக்க வேண்டாம் ஆச்சி. சட்டப் புத்தகத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. மாஜிஸ்திரேட் முன்னால் 'தடியால் அடித்ததைப் பார்த்தேன்' என்று சத்தியம் செய்தவன், செஷன்ஸ் கோர்ட்டில் 'அடிக்கவே இல்லை' என்கிறான். இரண்டில் எது பொய் என்று தெரியாவிட்டாலும் 'இதுவோ அதுவோ பொய்' என்று மாற்றுக் குற்றச்சாட்டு வனைந்து தண்டிக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 221-வது பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸில் 244. கோர்ட்டில் பொய்ச்சாட்சி சொன்னால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

ஸ்டேஷன் படி மட்டும் ஏறாதீர்கள். புகார் கொடுக்க வேண்டியது கோர்ட். அந்தக் கோர்ட்டிலேயே பி.என்.எஸ்.எஸ். 379-வது பிரிவில் நீங்கள் மனுப் போடலாம். நடவடிக்கை அவசியம் என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். லேசில் தோன்றாது. 'வயசான மனுஷன், ஞாபகப் பிசகு' என்று விட்டுவிடுவதைத்தான் முப்பது வருஷமாகப் பார்த்தேன். ஆனால் இவர் முதல் சத்தியத்தைக் காட்டிக் காரியம் சாதித்திருக்கிறார். அது உங்களுக்குப் பலம்.

என் கவலை வேறு. குறுக்கு விசாரணையில் அந்தப் பத்திரத்தை அவர் கையில் கொடுத்து, குறிப்பிட்ட பாராவைக் காட்டிக் கேட்டார்களா? காட்டாமல் பிறகு வாதத்தில் 'முரண்' என்றால் எடுபடாது. ஒருமுறை நான் காட்டினேன். சாட்சி கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், 'வக்கீல் ஐயா எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன்.' எல்லோரும் பிடிக்கும் கிளை அதுதான். 'படித்துப் பார்த்துத்தானே போட்டீர்கள்?' என்று அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

கேட்காமல் விட்டிருந்தால், சாட்சியைத் திரும்ப அழைக்க இப்போதே மனுப் போடச் சொல்லுங்கள். தீர்ப்புக்கு ஒதுக்கியபின் அலைய வேண்டாம். அதற்குள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் ஒரு நடை போய்வாருங்கள். அண்டாவில் உங்கள் வீட்டு இனிஷியல் வெட்டியிருக்குமே.