மருந்து சிந்தும் தோட்டா பிரஸ்

கே: டெக்சஸில் மகன் வீட்டில் ப்ரோக்ரஸிவ் பிரஸ் இருக்கிறது, லீவரை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா முடிந்து விழும். இப்போது வெடிமருந்து சிந்துகிறது, பிரைமரும் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) துருத்தி நிற்கிறது. ஏன்?
- முன்னாள் ராணுவ வீரர், கம்மவான்பேட்டை

ப: ‘ராணுவப்பேட்டை’ என்று பெயரெடுத்த உங்கள் ஊர்க்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பார்! இரண்டும் ஒரே கோளாறாக இருக்கலாம். தோட்டா உறைகளைத் தாங்கிச் சுற்றும் தட்டு வெடுக்கென்று அடுத்த இடத்துக்குத் தாவும்போது, விளிம்புவரை நிரம்பிய உறையிலிருந்து நாலைந்து துகள் மருந்து தெறித்து, பிரைமர் ஏறும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் பிரைமர் எப்படி முழுசாக உள்ளே போகும்? பிரைமர்களையும் மருந்தையும் அகற்றிவிட்டு, தட்டைக் கழற்றி பிரஷ்ஷால் துடைத்து, நடு போல்ட்டை ஆட்டமில்லாமல், ஆனால் தட்டு தடையின்றிச் சுற்றும்படி முடுக்கச் சொல்லுங்கள். லீவரை நிதானமாக இழுக்கட்டும். பிரைமர் பக்கம் எண்ணெய் போகவே கூடாது, பிரைமர் செத்துவிடலாம். துருத்திய பிரைமரை, உள்ளே மருந்து இருக்கும்போது திரும்ப அழுத்துவது ஆபத்து. வேலை நடுவில் பிரஸ் சிக்கினால் எல்லா உறைகளையும் வெளியே எடுத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரே உறையில் இரண்டு முறை மருந்து விழுந்திருந்தால், சுடும்போது துப்பாக்கியே சிதறிவிடலாம்.

சரி, ஊருக்குக் கொண்டுவரும் யோசனை மட்டும் வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் இங்கே தோட்டா தயாரிப்பது குற்றம்.