குழந்தை பிறந்த பிறகும் ஆறாத மனக்காயத்தை விசுவாசம் ஆற்றுமா?

கேள்வி: நான் ஒரு கிறிஸ்தவத் தாய். குழந்தை வந்த பிறகும் பழைய காயங்கள் மனதைவிட்டுப் போகவில்லை. ஜெபித்தால் ஆறிவிடும் என்கிறார்கள். உண்மையிலேயே ஆறுமா? உங்கள் அனுபவம் என்ன?

ஆறும். ஆனால் சாட்சி சொல்லும்போது கேட்கிறோமே, ஒரே ராத்திரியில் எல்லாம் மாறிவிட்டது என்று, எனக்கு அப்படி நடக்கவில்லை. நடந்தது என்று சொல்பவர்களை நான் சந்தேகப்படவும் இல்லை, அது அவர்கள் பாக்கியம்.

எனக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. அப்புறம் மகள் பிறந்தாள். இனி துக்கம் எதற்கு என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும்தான். ஆனால் அவளைக் கையில் வாங்கிய பிறகுதான் எதை இழந்தேன் என்பதே எனக்கு முழுசாக உறைத்தது. அவள் தூங்கும்போது நகம் வெட்ட உட்காருவேன், அந்தச் சுண்டுவிரலைப் பிடித்ததும் அதுவும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றிவிடும், அவ்வளவுதான், வெட்டுவதை விட்டுவிட்டு அழுதுகொண்டிருப்பேன். "அதான் கர்த்தர் ரெட்டிப்பா குடுத்துட்டாரேம்மா, இன்னும் ஏன் அழுகை?" என்று சபையில் ஒரு பெரியம்மா கேட்டார். நல்ல மனசோடு கேட்டதுதான். ஆனால் அதுவரை அழுகை மட்டும் இருந்தது, அதன் பிறகு அழுவதற்கே குற்றவுணர்வு.

அந்த ரெட்டிப்பு, வேதாகமத்தில் சொத்தையும் பிள்ளைகளையும் ஒருசேர இழந்த யோபுவின் கதையில் வருவது. கடைசி அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். 7,000 ஆடு 14,000 ஆகிறது, 3,000 ஒட்டகம் 6,000 ஆகிறது. பிள்ளைகள் மட்டும் ரெட்டிப்பாகவில்லை. முன்பும் 7 மகன்கள், 3 மகள்கள்; பின்பும் அதேதான். இறந்தவர்கள் தேவனிடம் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்தால் ரெட்டிப்புதான் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. எப்படி எடுத்துக்கொண்டாலும் ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடாகாது என்றுதான் எனக்குப் பட்டது. என் மகளும் யாருக்கும் பதிலாக வந்தவள் இல்லை, அவள் அவளாகவே வந்தவள். இதைப் புரிந்துகொண்ட அன்றுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அடுத்து அன்னாள், வேதாகமத்தில் பிள்ளையில்லாமல் தவித்தவள். அவள் கதை என்றாலே நாம் நேராக சாமுவேல் பிறந்ததற்குப் போய்விடுவோம். அதற்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள். கணவரின் இன்னொரு மனைவி, பிள்ளைகள் உள்ள பெனின்னாள் குத்திக்காட்டுகிறாள். கணவர் எல்க்கானா, பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா என்கிறார் (பாவம், ஆறுதல் சொல்லத் தெரியாத நல்ல மனுஷன்). ஆசாரியன் ஏலிக்கோ அவள் உதடு அசைவதைப் பார்த்ததும் குடித்திருக்கிறாள் என்ற முடிவு. அவள், நான் குடிக்கவில்லை, கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்று பதில் சொல்கிறாள். ஏலி ஆசீர்வதித்து அனுப்புகிறார், அவள் போய்ச் சாப்பிடுகிறாள், அப்புறம் அவள் முகத்தில் துக்கம் இல்லை என்று வசனம் சொல்கிறது. அந்த நேரத்தில் அவள் இன்னும் கர்ப்பம்கூட ஆகவில்லை! நிலைமை ஒன்றும் மாறவில்லை, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டாள், ஒருவர் கேட்டார், அவ்வளவே.

அதிலிருந்து என் ஜெபம் மாறியது. முன்பெல்லாம் ஸ்தோத்திரம், நன்றி, விண்ணப்பம் என்று ஒழுங்காகப் போகும், வலிக்கிற விஷயத்தைத் தொடாமலே ஆமென் சொல்லிவிடுவேன். இப்போது பாத்திரம் கழுவிக்கொண்டே, ஏன் ஆண்டவரே இப்படிச் செய்தீர் என்று கேட்டுவிடுகிறேன். பதில் வந்ததா என்றால், வரவில்லை. ஆனால் கேட்கலாம் என்பதே எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சபையில் ஒரு அக்கா. ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் வசனம் எதுவும் சொல்லவில்லை, குழந்தைத் துணிகளை மடித்து வைத்தார், நான் அழுதபோது கூடவே உட்கார்ந்திருந்தார், கிளம்பும்போதுதான் சின்னதாக ஒரு ஜெபம். யோபுவின் நண்பர்கள்கூட முதல் 7 நாள் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் வினை.

உங்கள் காயம் ஒரு மனிதரால் வந்தது என்றால் மன்னிப்பு பற்றி உங்களுக்கு நிறைய புத்தி சொல்வார்கள். மன்னிக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் மன்னிப்பது வேறு, அடித்தவர் கைக்கெட்டும் தூரத்தில் மறுபடியும் போய் நிற்பது வேறு, அதுவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. வேதாகமத்தில் யோசேப்புகூட தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மார்களைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் தன்னை யார் என்று காட்டினான்.

பிரசவம் ஆகி 2 வாரத்துக்கு மேலும் அழுகை நிற்கவில்லை, தூக்கம் இல்லை, குழந்தையோடு ஒட்ட முடியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ ஒரு நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும், நடுவில் நல்ல தூக்கம். பிரசங்கம் எதுவும் இல்லை.

ஜெபிக்க வார்த்தையே வரவில்லை என்றால் 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள்போல் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பாமல் இருட்டிலேயே முடிகிற சங்கீதம் அது. பிள்ளை தூங்குகிற அந்தக் கொஞ்ச நேரமே அதற்குப் போதும்.