ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமுக்கு யூனிஃபார்ம்: எதைப் பார்த்து முடிவெடுப்பது?

கேள்வி: வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமுக்கு நான் பொறுப்பு. மூன்று ஷிஃப்ட்டுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு பேர், அதில் ஏழு பேர் பெண்கள். ஏப்ரல் முதல் எல்லோரும் யூனிஃபார்மில் வரவேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. துணி, நிறம், விதிமுறை எல்லாம் என் தலையில். பணியாளர்களோ, "போன்ல பேசுற எங்களை யார் பார்க்கப் போறாங்க?" என்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: உங்கள் ஆட்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு ஒரு நல்ல பதில் கையில் இல்லாமல் துணிக்கடைப் படி ஏறாதீர்கள்.

"யூனிஃபார்ம் போட்டால் கவனம் கூடும்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஆய்வகத்தில் போடும் வெள்ளைக் கோட்டைப் போட்டுவிட்டால் கவனச் சோதனையில் தவறுகள் குறைகின்றன என்று 2012-இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். அது எங்கும் பரவிவிட்டது. ஆனால் 2019-இல் வேறொரு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே அதைச் சொல்லி யாரையும் சம்மதிக்க வைக்க வேண்டாம்.

சொல்லக்கூடிய காரணம் வேறு இருக்கிறது. ஆம்புலன்ஸ் டிரைவருக்கு யூனிஃபார்ம் உண்டு, கூடப் போகும் மருத்துவ உதவியாளருக்கு உண்டு, கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கும் உண்டு. எந்த வண்டியை எங்கே அனுப்புவது என்று நொடியில் முடிவெடுத்து, வண்டி போய்ச் சேரும் வரை நெஞ்சை எப்படி அழுத்துவது என்று போனிலேயே சொல்லிக்கொடுப்பவர் மட்டும் 'போன் எடுக்கிற பொண்ணு'. இந்த மனக்குறை நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 911 அழைப்பை எடுப்பவர்களை அந்நாட்டு அரசின் தொழில் பட்டியல் அலுவலக எழுத்தர்களோடுதான் சேர்த்து வைத்திருக்கிறது. போலீஸ், தீயணைப்பு வீரர்கள் இருக்கும் பிரிவில் தங்களையும் சேர்க்கச் சொல்லி அவர்கள் பல வருடமாகக் கேட்டுவருகிறார்கள்.

அதனால் என் முதல் ஆலோசனை: ஆம்புலன்ஸில் போகிறவர்களுக்கு என்ன நிறமோ, என்ன சின்னமோ, அதையே உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கொடுங்கள். பெயர்ப்பட்டையில் 'டெலிபோன் ஆபரேட்டர்' என்று போடாதீர்கள். 'அவசர அழைப்பு அலுவலர்' என்பது போல, செய்யும் வேலையைச் சொல்லும் பதவிப் பெயர் இருக்கட்டும். கேஷுவாலிட்டிக்கு ஓடிப்போய் ஒரு தகவல் சொல்லும்போது, டியூட்டி டாக்டர் ஒரு நொடி நின்று கேட்பதற்கு அது உதவும். இதை எடுத்துச் சொன்னால் உங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்போதே சரி என்பார்கள்.

பக்கத்தில் பார்த்துக் காப்பியடிக்க முன்மாதிரி அதிகம் இல்லை. தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய 108 சேவைக்கு நாம் காட்பாடியிலிருந்து அழைத்தாலும் போன் எடுப்பது சென்னையில். போலீஸ் கன்ட்ரோல் ரூமில் இருப்பவர்களுக்குத் துறையின் காக்கி. உங்கள் அறையின் விதிகளை நீங்களேதான் எழுத வேண்டும்.

எழுதும்போது ஒவ்வொரு விதியையும் ஒரே கேள்வியால் சோதியுங்கள்: இது அழைப்பவரின் குரலைக் கேட்கவும், அவருக்குப் பதில் சொல்லவும் உதவுகிறதா, இடைஞ்சலா? பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான்.

இதை ஒருமுறை செய்து பாருங்கள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் சாதாரணமாகப் பேசி, தட்டச்சு செய்து, அதைப் பதிவுசெய்து போட்டுக் கேளுங்கள். கண்ணாடி வளையல் மேசை விளிம்பில் படும் சத்தம் மறுமுனையில் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று அப்போது தெரியும். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு ஒவ்வொரு முறை குனியும்போதும் மேசையில் 'டக்'கென்று இடிக்கும். கஞ்சி போட்ட காட்டன் துப்பட்டா மைக்கில் உரசினால் காற்றடிப்பது போல இரையும். ஜிமிக்கி, ஹெட்செட்டின் காது மெத்தைக்கு அடியில் மாட்டிக் காதை அறுக்கும். மறுமுனையில் ஒரு அம்மா அழுதுகொண்டே ஊர்ப் பெயரைச் சொல்லும்போது, 'அணைக்கட்டா, ஆற்காடா' என்று திரும்பக் கேட்க வைப்பது இந்த மாதிரிச் சின்னச் சத்தங்கள்தான். அந்தக் கேள்விக்குப் போகும் நேரம் நோயாளியின் நேரம்.

எனவே ஐடி கார்டை நாடாவில் தொங்கவிடாமல் சட்டைப் பையில் கிளிப் போட்டு மாட்டச் சொல்லுங்கள். வளையல் வேண்டுமென்றால் சத்தம் வராத ஒற்றை வளையல். காதில் சின்னத் தோடு. கொலுசில் முத்து இல்லாமல். துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தலாம். இன்னும் நல்லது, துப்பட்டா தேவைப்படாத மாதிரி மேலே ஒரு ஓவர்கோட் தைப்பது. தாலிச் செயின் உள்ளே இருந்தால் எந்தத் தொந்தரவும் இல்லை, அதைப் பற்றி விதியில் எழுதவே வேண்டாம். பொட்டு, தாடி, திருநீறு எதுவும் சத்தம் போடுவதில்லை. அதில் தலையிட நமக்கு வேலையில்லை. பூ மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. மூடிய ஏசி அறையில் நான்கு பேர் மல்லிகை வைத்துக்கொண்டால் ஐந்தாமவருக்குத் தலைவலி வரலாம். தடை என்று எழுதாமல், சென்ட்டோடு சேர்த்து, அறையில் இருப்பவர்களே பேசி முடிவெடுக்கட்டும்.

ஹிஜாப் அணியும் பெண்கள் உங்களிடம் இருக்கலாம். துணிக்கு மேலே காது மெத்தையை வைத்தால் குரல் மங்கிக் கேட்கும். சத்தத்தைக் கூட்டிக் கூட்டி எட்டு மணி நேரம் கேட்டால் காது வலிக்கும். மெல்லிய ஒற்றை அடுக்குத் துணியாக, யூனிஃபார்ம் நிறத்திலேயே நீங்கள் கொடுங்கள். கூடவே ஒரு காதுக்கு மட்டுமான ஹெட்செட் வாங்கிக் கொடுத்தால் துணிக்கு உள்ளே வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி போடுபவர்களுக்கும் இதே மாதிரி ஒரு வேதனை உண்டு: கண்ணாடிக் காம்பும் ஹெட்செட் பட்டையும் சேர்ந்து நெற்றிப் பொட்டை அழுத்தும். அங்கே மாற்ற வேண்டியது ஹெட்செட்டை.

சரி, துணிக்கு வருவோம். உங்கள் அறையின் பெரிய சிக்கல் இரண்டு தட்பவெப்பம். மதியம் இரண்டு மணி ஷிஃப்ட்டுக்கு வருபவர் அக்னி நட்சத்திரத்தில், 40 டிகிரியைத் தாண்டிய வெயிலில், டூவீலரில் வந்து இறங்குகிறார். சட்டை முழுக்க வியர்வை. அப்படியே கம்ப்யூட்டர்களுக்காக 22 டிகிரியில் வைத்திருக்கும் அறைக்குள் போய் உட்கார்கிறார். பாலியஸ்டர் தன் எடையில் அரை சதவீத ஈரத்தைக்கூட வாங்காது. பருத்தி 7, 8 சதவீதம் வாங்கும். பாலியஸ்டர் மிகுந்த துணியில் வியர்வை உடம்போடு ஒட்டி நின்று, ஏசியில் நடுக்கம் வரும். கடையில் 'யூனிஃபார்ம் துணி' என்று எடுத்துப் போடும் டெரிகாட்டனில் பெரும்பாலும் பாலியஸ்டர்தான் அதிகம். காட்டன் பங்கு பாதிக்கு மேல் இருக்கும் துணியாகக் கேட்டு வாங்குங்கள். முழுக் காட்டன் வேண்டாம். காலை ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு வருபவர் தினமும் இஸ்திரி போட வேண்டியிருக்கும்.

ஸ்வெட்டரும் யூனிஃபார்மில் அடக்கம், அதை நிர்வாகமே தர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குளிர் என்பது நிர்வாகம் தன் இயந்திரங்களுக்காக வைத்தது. முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டர்தான் சரி. தலை வழியாகப் போடுவதென்றால் ஹெட்செட்டைக் கழற்ற வேண்டும்.

நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் வேலை. இறுக்கமான பெல்ட், பட்டன் வைத்த இடுப்பு இரண்டும் ராத்திரி ஷிஃப்ட்டில் வயிற்றைப் படுத்தும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடுப்பில் பாதி எலாஸ்டிக் வையுங்கள். கர்ப்பிணிகளுக்குத் தனி அளவு, கேட்காமலேயே. செருப்பில் கண்டிப்பு வேண்டாம். பின்பட்டை உள்ள, டைல்ஸில் சத்தம் வராத எதுவும் போதும். வண்டி நிற்கும் இடத்துக்குப் போக வேண்டியவர்களுக்கு மட்டும் மூடிய ஷூ. ஷூ தயாரிக்கும் ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்திலேயே இருக்கும்போது அதற்கு அலைய வேண்டியதில்லை.

நிறத்தில் ஒரே எச்சரிக்கை, காக்கிப் பக்கமே போகாதீர்கள். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் காவலர்கள் போலீஸ், ராணுவ உடை மாதிரி அணிவதைத் தண்டனைக்குரியதாக வைத்திருக்கிறது. உங்களுக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், அந்தக் குழப்பம் மருத்துவமனைக்குள் எதற்கு? அழுத்தமான கருநீலமும் யோசித்துச் செய்யுங்கள். போர்வெல் தண்ணீரில் துவைத்தால் சில மாதத்தில் வெளிர்ப் பூச்சு படியும். நடுத்தர நீலம், பச்சை தாங்கும்.

ஆளுக்கு மூன்று செட் குறைந்தபட்சம். இரண்டு என்றால் கார்த்திகை மழையில் ஈரத்தோடுதான் போட வேண்டியிருக்கும். பன்னிரண்டு பேருக்கும் ஒரேயடியாகத் தைத்துவிடாதீர்கள். மதிய ஷிஃப்ட்டில் ஒருவர், ராத்திரி ஷிஃப்ட்டில் இருவர் என்று மூன்று பேருக்கு மட்டும் முதலில் தைத்து, இரண்டு வாரம் போட்டுவிட்டு அவர்கள் சொல்வதை எழுதி வாங்குங்கள். தைக்கக் கொடுக்கும் முன் துணியை ஒருமுறை தண்ணீரில் நனைத்துக் காயவைக்கச் சொல்லிவிடுங்கள். காட்டன் கலந்த துணி முதல் அலசலில் சுருங்கும், அளவெடுத்தது வீணாகிவிடும்.