பெரிய சார் போட்ட தேதி

அன்புள்ள ஐயா,

நான் மன்னார்குடி பக்கத்துக் கிராமத்துக்காரன். 1978இல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய எங்கள் செட்டில் 34 பேர் ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கிறோம். காலையில் வணக்கம் படம், அப்புறம் யாருக்கு சுகர் எவ்வளவு, யாருக்குக் கண்புரை ஆபரேஷன், யார் பேரன் எந்த ஊரில். சாயங்காலமானால் வாத்தியார்கள் வந்துவிடுவார்கள்.

போன வாரம் ஒரு தகராறு. 1967 ஜூனில் எங்களை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பெரிய சார், தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்னார். பிறந்த தேதியை அவரே போட்டுக்கொண்டார். எனக்கு 20.4.1962, பக்கத்து வீட்டுச் சிநேகிதனுக்கு 10.5.1962. உண்மையில் இருவருமே அந்த வருஷ ஆவணி. நான் ஒரு வாரம் இளையவன். இருவரும் அரசு வேலைக்குப் போனோம். 30.4.2020 அன்று ஊரடங்குக்குள் மாலைகூட இல்லாமல் ஓய்வு பெற்றேன். மே 7ஆம் தேதி ஓய்வு வயது 59 என்று அறிவிப்பு வந்தது. அடுத்த வருஷம் 60. அவன் 2022 மே வரை வேலை பார்த்தான்.

இதைக் குழுவில் எழுதி, 'பெரிய சார் என் ரெண்டு வருஷத்தைத் தின்னுட்டார்' என்றேன். தெய்வத்துக்குச் சமமானவரை இப்படிச் சொல்லலாமா என்று ஐந்தாறு பேர் பாய்ந்தார்கள். ஊரில் விவசாயம் பார்க்கும் ஒருவன் ஒன்றுமே சொல்லாமல் குழுவிலிருந்து விலகிவிட்டான். 'இந்த வயசுல இதுக்கா சண்டை?' என்கிறாள் மகள். நான் எழுதியது தப்பா?

கே.

*

அன்புள்ள கே.,

தப்பில்லை. ஆனால் கணக்கு கொஞ்சம் உதைக்கிறது. ஆவணியில் பிறந்த உங்களுக்கு அந்த ஜூனில் ஐந்து வயது நிரம்பவில்லை. உள்ள தேதியைப் போட்டிருந்தால் அடுத்த ஜூன் வரை வீட்டில்தான் இருந்திருப்பீர்கள். அவர் நாலு மாதத்தை முன்னே தள்ளி உங்களை உள்ளே விட்டார். 53 வருஷம் கழித்து ஓர் அரசாணை வரும், அது மே மாதக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ஏப்ரல்காரர்களை விட்டுவிடும் என்று அவருக்கு எந்த ஜோசியன் சொல்லியிருப்பான்?

அதற்காக அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். தலை எண்ணிக்கை குறைந்தால் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் வேலை போய்விடும். ஜூன் பிறந்ததும் அவர்கள் வீடு வீடாகப் பிள்ளை பிடிக்க வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அம்மாக்களுக்குத் தெரிந்ததெல்லாம் 'ஆடிப்பெருக்கு கழிச்சு மூணாம் நாள்' என்ற அளவுதான். அதை வைத்துக்கொண்டு ரிஜிஸ்டரில் என்ன எழுதுவது? பேர் ஏறினால் வாத்தியாருக்கு வேலை நிற்கும், பிள்ளைக்கு மத்தியானம் 'கேர்' என்ற அமெரிக்க உதவி அமைப்பு கொடுத்த கோதுமையில் உப்புமாவும் பவுடர் பாலும் கிடைக்கும். இரண்டும் ஒரே பேனா வேலை. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மே, ஜூனில்தான் பிறந்தநாள். அந்த இரண்டு மாதமும் எங்கள் குழுவில் கேக் படம் தாங்காது. ஒருவனுக்கு ஜூன் 1 என்று அழகாகப் போட்டுவைத்தார்கள். ஒன்றாம் தேதி பிறந்தவர் முந்தின மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. ஒரே ஒரு நாள் தள்ளியிருந்தால் இன்னொரு மாதச் சம்பளம் வந்திருக்கும் என்று அவன் இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறான்.

உங்கள் மகளுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். காகிதத்தில் இருக்கும் தேதி வாத்தியார் போட்டது. உண்மைத் தேதிக்கு இப்போது சாட்சி உங்கள் பக்கத்து வீட்டுச் சிநேகிதர் ஒருவர்தான். வாத்தியார்களைப் பற்றிய மற்றதற்கெல்லாமும் அப்படித்தான், கூடப் படித்தவர்களே சாட்சி. 'மாதா பிதா குரு தெய்வம்' என்று ஃபார்வர்டு போடுகிறவர்கள் எந்த வாத்தியாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. படத்தில் ரோஜாப்பூ மட்டும் இருக்கும்.

எங்கள் பள்ளியில் ஓர் இந்தி சார் இருந்தார். 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழித் தீர்மானம் நிறைவேற்றியது, இந்தி வகுப்பு நின்றது. அவர் நின்றுவிட முடியாதே. நான் ஆறாம் வகுப்புக்குப் போனபோது லைப்ரரி சாவி அவரிடம் இருந்தது. டி.சி. எழுதுவார், வாத்தியார் வராத வகுப்பில் போய் உட்காருவார். ஓர் இந்திச் சொல்கூட அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை. ஆனாலும் கடைசிவரை அவர் பெயர் இந்தி சார்தான். ஒரு மழை நாளில் எங்கள் வகுப்புக்கு வந்தவர், கரும்பலகையில் எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக நாகரி எழுத்தில் எழுதிக் காட்டினார். மணி அடித்ததும் தானே துடைத்துவிட்டுப் போனார். போன வருஷம் இதைக் குழுவில் எழுதினேன். எல்லார் பெயரையும் எழுதவில்லை, முதல் பெஞ்சுக்காரர்கள் பெயரை மட்டும்தான் என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். அவன் கடைசி பெஞ்ச். அவன் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

இனி உங்கள் குழு. 34 பேர் என்கிறீர்கள். வகுப்பில் எத்தனை பேர் இருந்தீர்கள்? எங்கள் கணக்கு வாத்தியார் டஸ்டரின் கட்டைப் பக்கத்தால் விரல் முட்டியில் அடிப்பார். எட்டாம் வகுப்பில் ஒருவன் அதற்குப் பயந்து நின்றவன், திரும்ப வரவேயில்லை. 'அவர் அடிச்ச அடிதான் என்னை மனுஷனாக்கிச்சு' என்று எங்கள் குழுவில் எழுதுகிறவர்கள் எல்லாரும் பாஸானவர்கள். நின்றுபோனவனின் நம்பர் எங்களில் யாரிடமும் இல்லை.

விலகிப் போனவர் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய சாரைச் சொன்னதற்காக அவர் கோபித்துக்கொண்டார் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் விவசாயம் பார்க்கிறவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓய்வு பெறுகிற தேதி என்று ஒன்று அவருக்குக் கிடையாது, அகவிலைப்படி கிடையாது. கழனிக்குப் போய்விட்டு வந்து போனைத் திறந்தால், இரண்டு வருஷச் சம்பளம் போச்சே என்று மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வாங்குகிற ஒருவர் அழுதுகொண்டிருக்கிறார். குழுவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நீங்களும் கவனிக்கவில்லை. இதைச் சொல்கிற நானும் ஓய்வூதியக்காரன்தான், எங்கள் குழுவில் எத்தனை பேரை இப்படி விரட்டினேனோ. அவரைத் திரும்பக் குழுவில் சேர்க்கிறேன் என்று லிங்க் அனுப்பாதீர்கள். ஒரு நடை ஊருக்குப் போய்ப் பாருங்கள். பெரிய சார் அவருக்கு என்ன தேதி போட்டார் என்று கேளுங்கள். பயன்படாத தேதியாகவே அது கிடந்திருக்கும்.

உங்கள் இரண்டு வருஷத்துக்கு ஓர் ஆறுதலும் இருக்கிறது. 80 வயது நிரம்பினால் ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். காகிதப்படி உங்களுக்கு அது 2042 ஏப்ரலில் வரும், சிநேகிதருக்கு மே மாதம். அந்த ஒரு மாதம் குழுவில் அவரை ஒரு வழி பண்ணிவிடுங்கள்.