படிவத்தில் தமிழ் எங்கே உடைகிறது? – கேள்வி பதில்

கேள்வி (பத்தமடை): அண்ணாச்சி, பாய் கேட்டு எழுதுவோருக்காக எங்கள் சங்கத்துக்கு ஓர் இணையப் படிவம் அமைத்தேன். பழைய சர்வரில் பதிவான பெயர்கள் புரியாத குறிகளாகவும், புதிய சர்வரில் பதிவானவை கேள்விக்குறிகளாகவும் தெரிகின்றன. மீட்க வழியுண்டா?

பதில்: இவை இரண்டு வேறு கோளாறுகள், தம்பி. எதையும் திருத்துமுன் காப்பு நகல் எடுத்துவிடுங்கள். அவசரப்பட்டுத் திருத்தியதால் முழுவதும் கெட்டுப்போன அட்டவணைகளை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் புரியாத குறிகள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் (கணினிச் சேமிப்பின் சிற்றலகுகள்) கொண்டது. அம்மூன்றையும் சேர்த்துப் படிக்காமல் தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்தால், தலையில் சாய்கோடு தாங்கிய 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வரும். பைட்டுகள் அழியாததால் இதைப் பெரும்பாலும் மீட்கலாம். ஆனால் மெய்யெழுத்துப் புள்ளியின் மூன்றாம் பைட்டுக்கு விண்டோஸ்-1252 என்னும் ஐரோப்பிய எழுத்துப் பட்டியலில் எழுத்தே கிடையாது என்பதால், சில மாற்றிகளில் புள்ளிகள் மட்டும் உதிர்ந்துவிடும். ஆகவே நாலைந்து பெயர்களில் சோதித்துப் பார்த்த பிறகே மொத்தத்தையும் மாற்றுங்கள்.

கேள்விக்குறிக்கு, மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில், பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் கட்டளையால் அந்தப் பெயரைப் பாருங்கள். 'ஈ0ஏஈ' (E0AE) என்று தொடங்கினால் தமிழ் பத்திரமாக இருக்கிறது, தரவுத்தளத்திலிருந்து பக்கத்துக்குக் கொண்டுவந்து காட்டும் இணைப்பில்தான் பிழை. '3எஃப்' (3F) என்றே வரிசையாக வந்தால், ஐரோப்பிய எழுத்துகளுக்கு மட்டுமான லத்தீன்-1 முறையில் அமைந்த பத்தியோ (அட்டவணையின் நெடுவரிசை) இணைப்போ தமிழை ஏற்காமல் கேள்விக்குறியையே எழுதி வைத்துவிட்டது என்று பொருள். அது மீளாது, எழுதியவர்களிடமே திரும்பக் கேட்க வேண்டியதுதான். இனி வருவனவற்றுக்குப் பக்கம், இணைப்பு, பத்தி மூன்றையும் யுடிஎஃப்-8 ஆக்குங்கள். மைஎஸ்கியூஎல்லில் அதற்குரிய பெயர் யுடிஎஃப்8எம்பி4.

கேள்வி (அம்பாசமுத்திரம்): 'தி' என்று எழுதினால் தி என்று சேமிக்கப்படுகிறது, ஐயா.

பதில்: உங்கள் பக்கம் யுடிஎஃப்-8 என்று அறிவிக்கப்படவில்லை. அந்தப் பக்கத்தின் குறியாக்கத்தில் தமிழ் இல்லாததால், உலாவி ஒவ்வொரு குறியையும் அதன் யுனிகோடு எண்ணாக மாற்றி அனுப்புகிறது. எண்கள் முழுமையாக இருப்பதால் இதைத் திருப்புவது எளிது.

கேள்வி (பாளையங்கோட்டை): எழுத்துகள் மட்டும் என்று விதி வைத்தேன்; 'இசக்கியம்மாள்' என்ற பெயரைப் படிவம் ஏற்கவில்லை.

பதில்: யுனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' என்னும் தனி வகையில் உள்ளன. உங்கள் விதியில் அந்த வகையையும் சேர்த்தாக வேண்டும். நம் ஊரில் ஒரு மூதாட்டி தம் சொந்தப் பெயரை எழுதும்போது 'தவறான பெயர்' என்று திரை சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை, இன்றே திருத்திவிடுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி நகரம்): 'கொக்கிரகுளம்' என்று தேடினால் பாதி முகவரிகளே கிடைக்கின்றன. மற்றவையும் கண்ணுக்கு அப்படியேதான் இருக்கின்றன.

பதில்: 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்ற இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட்டுகளில் வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்னும் சீராக்கத்தைச் செய்துவிட்டால், இரண்டும் ஒரே குறியாகிவிடும். பழைய பதிவுகளையும் ஒருமுறை அதன் வழியே செலுத்திவிடுங்கள்.