எட்டு பேர் ஃபில்டரில் ரெண்டு பேருக்குக் காபி போடலாமா?

கேள்வி: வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். மாமியார் கொடுத்த பெரிய பித்தளை ஃபில்டரில் டிகாக்ஷன் போடுகிறேன். ஒருநாள் தண்ணியாக ஓடிவிடுகிறது, இன்னொரு நாள் சொட்டவே மாட்டேன் என்கிறது. எஸ்பிரெஸோ மெஷின் வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். வாங்கலாமா, இல்லை வேறு ஃபில்டர் போதுமா?

மெஷின் வேண்டாம். சின்னதாக ஒரு ஸ்டீல் ஃபில்டர் வாங்குங்கள், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பித்தளையை என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன்.

நாளைக் காலையில் வெந்நீர் ஊற்றும் முன்னால், பொடி எவ்வளவு உயரம் நிற்கிறது என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள். எட்டு பேருக்கான ஃபில்டரில் ரெண்டு பேருக்கான பொடியைப் போட்டால் அது அடை மாதிரி பரவி, விரல் தடிமன்கூட இல்லாமல் கிடக்கும். ஊற்றுகிற தண்ணீர் பொடியில் ஊற நேரமே இல்லாமல் ரெண்டு மூன்று நிமிஷத்தில் கீழே போய்விடும். அதே பொடி சின்ன ஃபில்டரில் ஒரு அங்குலம் போல நிற்கும், தண்ணீர் அதற்குள் மெதுவாகப் புகுந்து 15, 20 நிமிஷம் எடுத்துக்கொண்டு சொட்டும். உங்கள் டிகாக்ஷன் தண்ணியானதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், பித்தளை இல்லை. கடையில் 2 கப், 4 கப் என்று சொல்லுவார்கள், அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நம்பாதீர்கள். பொடி போட்ட பிறகு மேல் பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்க வேண்டும், உங்களுக்கு அவ்வளவு போதும். வாங்கும்போது அடித்தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஓட்டைகள் ஊசிமுனை அளவில், எல்லாம் ஒரே சீராகத் தெரிய வேண்டும்.

அளவு இப்படி: 25 கிராம் பொடி, 150 மில்லி தண்ணீர். பொடியே தன் எடையைப் போல ரெண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும் என்பதால் கீழே 100 மில்லிதான் இறங்கும். ஆளுக்கு 40 மில்லி டிகாக்ஷன், 100 மில்லி பால், மிச்சத்தில் பதினோரு மணிக்கு அரை டம்ளர். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிஷம் விட்டு, முதலில் பொடி நனைகிற அளவு மட்டும் ஊற்றுங்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்வேன். பொடி புதுசாக இருந்தால் அப்படியே மெத்தென்று உப்பி, சின்னச் சின்னக் குமிழ் விட்டு நுரைக்கும். வறுத்தபோது கொட்டைக்குள் தங்கிய கரியமில வாயு வெளியேறுவதுதான் அது. பொடி அசையாமல் சேறு மாதிரி கிடந்தால் அது பழசு, அதை எந்த ஃபில்டரில் போட்டாலும், லட்ச ரூபாய் மெஷினில் போட்டாலும் மணம் வராது. நானும் பல வருஷம் சலுகை விலைக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ என்று வாங்கி வைத்து, கடைசி வாரத்தில் மரத்தூள் வாசனையோடு குடித்திருக்கிறேன். இப்போதெல்லாம் 100 கிராம், 200 கிராம்தான், வறுத்து அரைத்துக் கொடுக்கிற கடையில், கண்முன்னால் அரைக்கச் சொல்லி. கொட்டையாகவே வாங்கி வீட்டில் அரைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

சரி, இறங்காமல் அடம்பிடிப்பதற்கு வருவோம். இதற்கு முதல் காரணம் சிக்கரி. அது ஒரு செடியின் வேர், வறுத்து அரைத்தது, காபிக்கொட்டையைவிட அதிகமாகத் தண்ணீரில் கரையும், அதனால்தான் டிகாக்ஷன் கெட்டியாகவும் கறுப்பாகவும் தெரிகிறது. கூடிப்போனால் ஊறிப் பிசுபிசுத்து ஓட்டைகளை அடைக்கும். நம் நாட்டுச் சட்டப்படி சிக்கரி கலந்த பொடியில் 51 சதவீதமாவது காபி இருந்தால் போதும், அதாவது பாதிக்குப் பாதி சிக்கரியை நீங்கள் காபி என்று வாங்கிக்கொண்டிருக்கலாம். பாக்கெட்டில் விகிதம் அச்சிட்டிருக்கும், பாருங்கள். என் கணக்கு 85க்கு 15. அதற்கு மேல் போனால் காபியின் மணத்தைச் சிக்கரியின் கசப்பு மூடிவிடுகிறது.

அடுத்தது, காம்பு வைத்த அந்தத் தட்டால் பொடியை அழுத்துவது. பொடியைச் சமமாகப் பரப்பி லேசாக ஒரு தடவை அழுத்தினால் போதும், பலம் வேண்டாம். அப்புறமும் இறங்கவில்லையா, மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கி மறுபடி வையுங்கள், கீழே சிக்கிய காற்று வெளியேறி உடனே சொட்ட ஆரம்பிக்கும். அதற்கும் அசையாவிட்டால் ஓட்டை அடைத்திருக்கிறது. ஸ்டீல் ஃபில்டர் என்றால் அடித்தட்டைத் தீயில் காட்டிச் சுட்டு, ஆறினதும் தட்டிக் கழுவலாம். பித்தளையை அப்படிக் காட்டவே கூடாது, உள்ளே பூசிய ஈயம், அதாவது வெள்ளீயம், சுமார் 230 டிகிரியிலேயே உருகிவிடும். அதற்கு ஊசிதான் வழி.

எஸ்பிரெஸோவை நான் குறைத்துச் சொல்லவில்லை. 9 பார் அழுத்தத்தில் அரை நிமிஷத்துக்குள் இறங்குகிற வேறொரு பானம் அது. அதற்கு மாவு மாதிரி அரைத்த, சிக்கரி இல்லாத பொடி வேண்டும், ஆகவே நல்ல அரவை மெஷினும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். உங்கள் கணவருக்குப் பாலில்லாத கறுப்புக் காபிமேல் ஆசை என்றால் இத்தாலிக்காரர்கள் வீட்டில் வைத்திருக்கிற மோக்கா பாட் என்கிற காபிப் பாத்திரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள், 1933இல் வந்த சாமான், கேஸ் அடுப்பிலேயே வைக்கலாம். பல மோக்கா பாட்கள் அலுமினியம் என்பதால் இண்டக்ஷனில் வேலை செய்யாது, கேட்டு வாங்குங்கள். அதிலும் சிக்கரிப் பொடி வேண்டாம்.

பாலைப் பற்றி ஒரே வார்த்தை: 6 சதவீதக் கொழுப்புள்ள பால், தண்ணீர் விடாமல், பொங்கி வந்ததும் உடனே. ஏடு கட்டின பாலைத் திரும்பத் திரும்பச் சுடவைத்துக் கலந்தால் வாசம் மாறிவிடும். டிகாக்ஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள், ஆறியிருந்தால் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்து எடுங்கள்.

பித்தளை ஃபில்டரைப் பரணில் போட்டுவிடாதீர்கள். ஈயம் போயிருக்கிறதா என்று உள்ளே பாருங்கள், மஞ்சளாகத் தெரிந்தால் பூசிக் கொடுப்பவரிடம் கொடுத்து வாங்கி வையுங்கள். பொங்கலுக்கு எட்டு பேர் வரும்போது சின்ன ஃபில்டர் எதற்கும் பத்தாது.